காத்து போற வாய்

நவம்பர் 3, திங்கள்

டாக்டரம்மா சொன்னதுனால எழுதறேன். பிரஷர் நூத்தி அறுபதாம். "கோவம் வந்தா கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க"ன்னாங்க. அவங்களுக்கு என்ன, ஏசி ரூம்ல உக்காந்துட்டுச் சொல்லுவாங்க. சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சு, உள்ள வர்ற ஒவ்வொருத்தனும் "மெக்கானிக் இல்லீங்களா?"ன்னு கேக்க, "நாந்தான்"னு தினமும் பத்து தடவை சொல்லிப் பாக்கட்டும். அவங்களுக்கும் நூத்தி அறுபது வரும்.

சரி, எழுதறேன். காலையில ஒரு கார் வந்துச்சு. எஞ்சின் கொதிக்குதாம். கொதிக்காம? முன்னாடி கிரில் தெரியாத அளவுக்கு எலுமிச்சம்பழ மாலை, மொளகா, கறுப்புக் கயிறு, பத்தாததுக்கு ஒரு பொம்மை. "திருஷ்டிக்குங்க"ங்கறார் அந்த ஆளு. காத்து போகாம எஞ்சின் வெந்துட்டு இருக்குது, இவருக்குத் திருஷ்டி! கத்திரிக்கோலை எடுத்து எல்லாத்தையும் வெட்டி அவர் கையிலயே குடுத்தேன். சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல போர்டே எழுதி மாட்டியிருக்கேன்: "காத்து போற வாயில எதையும் கட்டாதீங்க. இப்படிக்கு, கோகிலவாணி." எவன் படிக்கிறான்?

இன்னொரு கோவம் என் வீட்டுக்காரர். பேரு தெய்வசிகாமணி, வயசு நாப்பத்தாறு. மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். லீவு நாள்ல ரேஸ் ஓட்டுவாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டுல நடந்த மலையேத்தப் போட்டியில ஒம்போதாவது வளைவுல வண்டியோட உருண்டாரு. தோள்பட்டை எலும்பு, விலா எலும்பு மூணு, ஆஸ்பத்திரியில ஒம்போது நாள். வர்ற டிசம்பர் பதினாலு அதே மலையில அதே போட்டி. மறுபடியும் ஓட்டணுமாம். ஓட்டியே ஆகணுமாம்.

அந்த வண்டியை மறுபடி கட்டினது யாரு? இந்த லூசுதான். நான் கட்டலைன்னா வேற எவனாவது கட்டுவான். வேற எவன் கட்டின வண்டியிலயும் இவரை ஏத்த மாட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பழைய பேப்பர்காரர் வந்து நின்னுட்டு இருக்காரு, கட்டைப் பிரிச்சு எடை போட முடியல. என் வீட்டுக்காரர் கட்டின கட்டு. மாமனார் லாரி ஓட்டினவரு, அவர்கிட்டக் கத்துக்கிட்ட தார்பாய் முடிச்சு. பேப்பரா இருந்தாலும் அரிசி மூட்டையா இருந்தாலும் அதே முடிச்சுதான். கத்திரிக்கோல் இல்லாம இந்த வீட்டுல ஒண்ணையும் திறக்க முடியாது. இருபத்திரெண்டு வருஷமா வெட்டிட்டு இருக்கேன்.

நவம்பர் 8, சனி

ரேஸ் காரை டிராக்குக்குக் கொண்டு போனோம். மூணே ரவுண்டு. வண்டி செத்துருச்சு.

டாக்டரம்மா இதைப் படிச்சாலும் படிப்பாங்க, அவங்களுக்காக எழுதறேன். எங்க வண்டி சின்ன டர்போ வண்டி. டர்போ காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்கின காத்து சூடாயிரும். அதை ஆத்தி அனுப்பறதுக்குத்தான் இன்டர்கூலர். எங்க வண்டியில அது முன் பம்பருக்குள்ள இடது பக்கமா இருக்குது. வெளிக்காத்து அதும்மேல பட்டாத்தான் உள்ள இருக்கற காத்து ஆறும். ஆறலைன்னா எஞ்சின் கம்ப்யூட்டர் பயந்துக்கிட்டு பவரைக் குறைச்சுரும். அறுபது டிகிரிக்கு மேல போகக் கூடாது. இன்னிக்கு எழுபத்தி நாலு.

"பூசைக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணப்ப இப்படி இல்லையே புள்ள"ங்கறாரு.

"பூசைக்கு முன்னாடி நீங்க இவ்வளவு மிதிக்கலை"ன்னேன். ஆயுத பூசைக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? வாயில வந்ததைப் பேசறது.

நவம்பர் 9, ஞாயிறு

தகர வேலைக்கு ஷாஜகான் அண்ணனைக் கூப்பிட்டேன். இருபது வருஷமா நம்மகிட்டத்தான் வேலை. பாத்த உடனே சொல்லிட்டாரு: இன்டர்கூலரைச் சுத்தி விரல் போற அளவுக்கு சந்து இருக்குது, காத்து சுலபமான வழியா ஓடிருது, நடுவுல போகமாட்டேங்குது. சுத்தி ஃபோம் வெச்சு அடைக்கணும், அலுமினியத் தகட்டுல ஒரு குழாய் வளைச்சுக் காத்தை நேரா அதும் மேலயே விடணும், பின்னாடி டயர் மறைப்புல ஓட்டை வெட்டி சூட்டுக் காத்து வெளிய போக வழி பண்ணணும். எல்லாம் சரி.

"பம்பரைக் கழட்டிருங்க அம்மிணி, முன்னாடி இருந்து அளவெடுத்துக்கறேன்."

"வேண்டாங்ணா. டயரைக் கழட்டிட்டுப் பின்பக்கமாவே பாருங்க. முன்னாடி வேலையை நான் பாத்துக்கறேன்."

"ஏனுங்க அம்மிணி? பத்து நிமிஷ வேலை."

"கிளிப்பு உடைஞ்சுருங்ணா. பழைய பிளாஸ்டிக்."

கிளிப்பு நெஜமாவே உடையும். அதுக்காகத்தான் சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

காலையில கேஸ் தீந்துருச்சு. பக்கத்து வீட்டுல போய் சாதம் வடிச்சு எடுத்துட்டு வந்தேன். மத்தியானம் ஃபோம் வெச்சு அடைச்சேன். சாயங்காலம் அண்ணன் தகட்டுக்குழாயைப் பின்பக்கமாவே உள்ள நுழைச்சு ரிவிட் அடிச்சாரு. ரொம்ப அருமையான வேலை. இவர் மில்லுல இருந்து வந்து பாத்துட்டு, "பம்பரைக் கழட்டாம எப்படி மாட்டினீங்க?"ன்னாரு. வேலை ஆச்சுன்னா சந்தோசப்படணும். எப்படி ஏதுன்னு நோண்டக் கூடாது.

நவம்பர் 15, சனி

மலையில முதல் ப்ராக்டிஸ். எஸ்டேட்காரங்க மத்தியானம் வரைக்கும் ரோட்டை விட்டுக் குடுத்தாங்க. நான் கீழ ஸ்டார்ட்டுல நின்னேன். மேல போகலை. ஒம்போதாவது வளைவைப் பாக்க எனக்கு இஷ்டம் இல்ல.

எழுபது. ஒரு வாரம் ராப்பகலா உழைச்சதுக்கு நாலு டிகிரி! உச்சி வர்றதுக்குள்ள வண்டி மூச்சு வாங்குதுங்கறாரு. எரிச்சலா வருது. ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டி கோணல்னு நெனச்சேன், வாய் விட்டுச் சொல்லவும் சொல்லிட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. போகட்டும்.

கீழ வந்ததும் இன்னொண்ணு சொன்னாரு. மேல ஒரு சின்னப் பாலத்து மேட்டுல ஏறி இறங்கினதுல பம்பர் இடது பக்கம் கழண்டு தொங்குச்சாம், அவரே உள்ள பாத்து மாட்டிட்டாராம்.

"நீங்களா மாட்டினீங்க? என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ கீழ இருந்தியே."

"வேற ஏதாச்சும் உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல. எல்லாம் இருந்த மாதிரியே இருக்குது."

அவர் முகத்தையே பாத்தேன். ஒண்ணும் தெரியல. டீ குடிக்கப் போயிட்டாரு.

நவம்பர் 20, வியாழன்

காத்து எங்க போகுதுன்னு கண்ணால பாத்துரலாம்னு முடிவு பண்ணினேன். ஒர்க்‌ஷாப்புல இருக்கற பெரிய ஃபேனை வண்டி முன்னாடி வெச்சு, ஒரு கட்டு ஊதுபத்தியை ஒண்ணாக் கொளுத்திப் புடிச்சேன். வலது பக்கம் ரேடியேட்டருக்குள்ள புகை சர்ருனு போச்சு. இடது பக்கம் இன்டர்கூலர் வாய்க்கிட்டப் புடிச்சா, உள்ள போன புகை அப்படியே திரும்பி என் மூஞ்சிக்கே வருது. மூணு தடவை பாத்தேன். மூணு தடவையும் அதேதான்.

ஷாஜகான் அண்ணன் சிரிச்சுட்டாரு. "அம்மிணி, இதுக்கு மூக்கடைப்பு. உள்ள என்னமோ இருக்குது. பம்பரைக் கழட்டுங்க, எலி கிலி கூடு கட்டியிருக்கும்."

கத்திட்டேன். தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி. "உங்க வேலையை மட்டும் பாருங்க"ன்னுட்டேன். இருபது வருஷத்துல அவரை அப்படிப் பேசினதே இல்ல. துணியில கையைத் துடைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

டாக்டரம்மா, உங்க நோட்டு வேலை செய்யலைங்க.

நவம்பர் 21, வெள்ளி

அண்ணன் வேலைக்கு வரல. ஃபோன் எடுக்கல.

நவம்பர் 22, சனி

இன்டர்கூலர் மேல தண்ணி தெளிக்க ஒரு சின்ன பம்பு வெச்சேன். சூடு அறுபத்தி நாலுக்கு வந்துச்சு. சந்தோசமா விதிப் புத்தகத்தைத் திறந்தா, தண்ணி தெளிக்கறது கூடாதாம். பிடுங்கி எறிஞ்சேன்.

அண்ணன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவரு சம்சாரம் பாயா வெச்சுக் குடுத்தாங்க. "உங்களுக்கு என்னமோ பயம் இருக்குது தங்கச்சி, கோவம் இல்ல"ங்கறாங்க. எனக்கா பயம்? சாப்பிட்டு முடிச்சதும் கை கழுவிட்டு வந்துட்டேன்.

நவம்பர் 29, சனி

பேனா அழுத்தினதுல பேப்பர் கிழிஞ்சுருச்சு. மெதுவா எழுதறேன்.

ரெண்டாவது ப்ராக்டிஸ். மூணு தடவை ஏறினாரு. சூடு அறுபத்தொம்போது, எழுபது, எழுபத்தி ரெண்டு. ஆனா டைம் குறைஞ்சிருக்குது! போன தடவையை விட மூணு செகண்டு. பவர் இல்லாத வண்டியில டைம் எப்படிக் குறையும்? வண்டியில டேட்டா லாகர் இருக்குது. எங்க எவ்வளவு வேகம், எங்க பிரேக் புடிச்சாருன்னு எல்லாம் பதிஞ்சு வெக்கும். லேப்டாப்புல போட்டுப் பாத்தேன்.

ஒம்போதாவது வளைவுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கல்லு நட்டிருப்பாங்க. அந்தக் கல்லுக்கிட்ட பிரேக் புடிக்கணும். பதினஞ்சாந்தேதி முதல் ரன்னுல கல்லுக்கிட்டத்தான் புடிச்சிருக்காரு. இன்னிக்கு முதல் தடவை எட்டு மீட்டர் தாண்டி. ரெண்டாவது தடவை பன்னண்டு. மூணாவது தடவை பதினேழு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உருண்ட அன்னிக்குப் பத்தொம்போது. அந்த நம்பர் எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

"உங்களுக்கு என்ன திமிருங்க? சாகறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன்.

கத்துவாருன்னு பாத்தா, கல்லுப்புள்ளையார் மாதிரி உக்காந்துட்டு மெதுவாச் சொல்றாரு: "நேர் ரோட்டுல வண்டி இழுக்க மாட்டேங்குது புள்ள. அங்க போன நேரத்தை வளைவுலதானே புடிக்கணும்."

திரும்பி வர்றப்ப ஆழியாறு வரைக்கும் லேப்டாப்பை மூடாம அந்தப் பதினேழையே பாத்துட்டு வந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

இதை எழுதாம தூங்க முடியாது போல இருக்குது. யாரும் படிக்கப் போறதில்ல, எழுதித் தொலையறேன்.

ஆயுத பூசை அன்னிக்கு, பூசணிக்காய் உடைச்சு எல்லாரும் பொரி வாங்கிட்டுப் போனப்புறம், நான் மட்டும் வண்டியோட பம்பரைக் கழட்டினேன். காலையிலயே குலசாமி கோயிலுக்குப் போய் வாங்கிட்டு வந்து வெச்சிருந்தேன். சிவப்புத் துணியில ஒரு குடுமித் தேங்காய், வெள்ளெருக்கு வேர், படிகாரம், எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் பூசாரி மந்திரிச்சு மூட்டையாக் கட்டிக் குடுத்தாரு. "வண்டி மூஞ்சியில கட்டும்மா, எதிர வர்றது எதுவும் அண்டாது"ன்னாரு. வெளிய கட்டினா ஊரே சிரிக்கும். போர்டு எழுதி வெச்சவ நான். அதனால உள்ள கட்டினேன். பம்பருக்குள்ள இடது பக்கம்தான் இடம் இருந்துச்சு. இன்டர்கூலருக்கு நேர் முன்னாடி.

மூணு வாரமாத் தெரியும். புகை திரும்பி வந்த அன்னிக்கு இல்ல, எழுபத்தி நாலுன்னு பாத்த அன்னிக்கே தெரியும். ஒரு தேங்காய் தானே, அதுவா மறைக்கப் போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, ஃபோம் ஒட்டினேன், தகடு வளைச்சேன், ஓட்டை வெட்டினேன், தண்ணி தெளிச்சேன். ஒரு நல்ல மனுஷனை வேலையை விட்டே ஓட வெச்சேன். அவருக்கு ஓட்டத் தெரியலைன்னேன்.

அவரைக் காப்பாத்தக் கட்டினது, அவரைப் பதினேழாவது மீட்டருக்குத் தள்ளியிருக்குது. இன்னும் ரெண்டு மீட்டர்தான் பாக்கி. யார் மேல கோவப்படறது? பூசாரி மேலயா? அவருக்கு இன்டர்கூலர் தெரியுமா?

டிசம்பர் 1, திங்கள்

இவர் மில்லுக்குப் போனதும் பம்பரைக் கழட்டினேன். மூட்டை அங்கயேதான் இருந்துச்சு. மழையும் சேறும் பட்டு ஊதி, வாயை முழுசா அடைச்சுட்டு.

அவுக்கக் கை வெச்சேன். அவுக்க முடியல.

நான் கட்டினது சாதாரண ரெட்டை முடிச்சு. இது அது இல்ல. கயிறும் அது இல்ல. வண்டி டிக்கியில இருக்கற பச்சை நைலான் கயிறு. தார்பாய் முடிச்சு.

கத்திரிக்கோல் பக்கத்துலதான் இருந்துச்சு. வெட்ட மனசு வரல. மூட்டை கட்டியிருந்த பிராக்கெட்டோட போல்ட்டைக் கழட்டி, முடிச்சோடயே மூட்டையை உருவி எடுத்தேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் சாப்பாட்டு மேசை மேல வெச்சேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"பம்பர் கழண்ட அன்னிக்கு. உன் கயிறு அறுந்து தொங்குச்சு."

"பாத்துட்டு?"

"கட்டினேன்."

"காத்தை மறைக்குதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏனுங்க கட்டித் தொலைச்சீங்க?"

தட்டுல இருந்த சப்பாத்தியைப் பிச்சுக்கிட்டே சொன்னாரு: "அது இல்லைன்னா நீ என்னை மலைக்கு விடமாட்டேன்னு தெரியும். மூட்டையும் இருக்கணும், டைமும் வரணும். பிரேக்கைக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சேன்."

கொஞ்சமாம்! பதினேழு மீட்டர் கொஞ்சமாம்! என்ன ஜென்மமோ! டம்ளரை எடுத்து எறிஞ்சேன். சுவத்துல பட்டு நசுங்கிருச்சு. ஒரு வார்த்தை, "வாணி, இது வேண்டாம்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? எனக்காகப் பொத்திப் பொத்தி வெச்சு, என்னையே அவருக்குக் கருமாதி பண்ண வெக்கப் பாத்தாரு இந்த மனுஷன். அதைச் சொல்லிக் கத்தினேன். அதுக்கு அவர் கேட்டாரு, "நீ மட்டும் சொன்னியா?"

கண்ணுல தண்ணி வந்துச்சு. அது கோவத்துல வந்ததுதான்.

கடைசியில பேசி முடிச்சோம். மூட்டையை நான் வண்டியில கட்ட மாட்டேன். அவர் வெள்ளைக் கல்லைத் தாண்டி ஒரு மீட்டர் போகக் கூடாது. லாகர் பொய் சொல்லாது. ஒரு மீட்டர் தாண்டினாலும் வண்டி ஒயரிங்கை வெட்டிப் போட்டுருவேன்னு சொல்லிட்டேன்.

"சரி"ன்னாரு. அப்புறம் மூட்டையைப் பாத்துட்டு, "எறிஞ்சுராத"ன்னாரு.

டிசம்பர் 6, சனி

டிராக்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்புலயே ஷாஜகான் அண்ணன் முன்னாடியே, பம்பரைக் கழட்டி மூட்டை இருந்த இடத்தைக் காட்டிட்டு, மறுபடி மாட்டினேன். அவர் சுவத்துல இருக்கற போர்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "சிரிச்சுருங்ணா, பரவால்ல"ன்னேன். வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு.

மூணு ரவுண்டு முடிஞ்சு நாப்பத்தி ஏழு டிகிரி. அண்ணன் வளைச்ச குழாய் எல்லாம் இப்பத்தான் வேலை செய்யுது.

டிசம்பர் 13, சனி

புளிசாதம் கட்டியாச்சு. டயர் நாலும் ஏத்தியாச்சு. பிரஷர் மாத்திரை எடுத்து வெச்சாச்சு. மூட்டையை என்ன பண்றதுன்னு தெரியாம அதையும் கூடைக்குள்ள வெச்சேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில பத்து நாப்பதுக்கு இவர் நம்பர் வந்துச்சு. கொடி இறங்கினதும் கிளம்பினாரு. நான் கீழ ஸ்டார்ட் கம்பத்துக்கிட்ட, மூட்டையை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு நின்னேன். யார் பாத்தா எனக்கு என்ன? சத்தத்தை வெச்சு வளைவை எண்ணினேன். ஏழு. எட்டு. எட்டுக்கப்புறம் நேர் ரோடு. டர்போ சத்தம் குறையவே இல்ல, ஏறிட்டே போச்சு. அவ்வளவு வேகத்துல அந்த வளைவுக்குப் போறாரேன்னு மூட்டையை இறுக்கிப் புடிச்சேன். அப்புறம் சத்தம் இறங்குச்சு. மறுபடி ஏறுச்சு. பத்து.

அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன்.

எங்க வண்டிப் பிரிவுல நாலாவது. கப்பு கிடையாது. வண்டி கீழ வந்ததும் வாழ்த்துக்கூடச் சொல்லல, நேரா லேப்டாப்பை மாட்டினேன். உச்சியில நாப்பத்தொம்போது டிகிரி. டைம், போன ப்ராக்டிஸை விட நாலு செகண்டு கம்மி. கடைசியாத்தான் ஒம்போதாவது வளைவைப் பாத்தேன். கல்லுக்கு ரெண்டு மீட்டர் முன்னாடியே பிரேக் புடிச்சிருக்காரு.

"ஒரு மீட்டர் தாண்டக் கூடாதுன்னுதானே சொன்னேன்? முன்னாடியே புடிக்கச் சொன்னேனா? அந்த ரெண்டு மீட்டர் இருந்திருந்தா மூணாவது வந்திருக்கலாம்"னு கத்தினேன். ஹெல்மெட்டைக் கழட்டிட்டுச் சிரிக்கறாரு.

இறங்கி வர்றப்ப ஆழியாத்துக்கிட்ட வண்டியை நிறுத்தச் சொன்னேன். மந்திரிச்சதைத் தண்ணியில விடறதுதான் முறை. துணியும் நைலானும் ஆத்துக்கு எதுக்கு, அவுத்துத் தேங்காயை மட்டும் விடலாம்னு படியில உக்காந்தேன். நகத்தால நோண்டறேன், பல்லால இழுக்கறேன், ஒரு இம்மி அசையல. கத்திரிக்கோல் கொண்டு வரல.

"குடு"ன்னு வாங்கினாரு. கயித்தோட ஒரு நுனியைப் புடிச்சு ஒரே ஒரு இழுப்பு. மொத்தமும் பொலபொலன்னு அவுந்து மடியில விழுந்துச்சு.

"ஒரு இழுப்புல அவுந்துருமா இது?"

"ஆமா. சட்டுனு அவுக்கறதுக்குத்தானே லாரிக்காரங்க இதைப் போடறதே."

இருபத்திரெண்டு வருஷம்! பேப்பர் கட்டு, அரிசி மூட்டை, தீபாவளிக்குப் புடவை வெச்சு இவர் கட்டிக் குடுத்த பொட்டி, எத்தனை கயிறு, எத்தனை கத்திரிக்கோல்! பக்கத்துலயே உக்காந்து நான் வெட்டறதைப் பாத்துட்டு இருந்திருக்காரு!

"ஏனுங்க சொல்லவே இல்ல?"ன்னு கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையே புள்ள"ங்கறாரு.